டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி ஈயக் குண்டு வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கத் தமிழர்களின் பொழுதுபோக்குகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குறிபார்த்துச் சுடும் கிளப்புகளில் நம்மவர்கள் சேர ஆரம்பித்திருப்பதை எழுதியவர் நன்றாகவே எழுதியிருக்கிறார், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவர்கள், இறந்துபோனவர்களின் வீட்டுச் சாமான்கள் விற்கும் எஸ்டேட் சேல்களில் பழைய ஈயக் குண்டுகளை வாங்கினால் செலவு பாதியாகிவிடும் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கோவையில் லேத் பட்டறையில் தொழில் பழகி, இப்போது ஒஹாயோவில் குடியுரிமை பெற்று வாழ்பவன். தோட்டா நிரப்புவதும் ஈயம் வார்ப்பதும் எனக்குப் பல வருடப் பழக்கம். வேறு யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு முறை சுட்ட பிறகு பித்தளைக் கூடு அப்படியே மிஞ்சும். அதில் புதிய பிரைமர் (அடியில் தட்டினால் பொறி கிளப்பும் சின்ன மூடி), அளந்த வெடிமருந்து, நுனியில் ஒரு குண்டு என்று வைத்து மறுபடி தோட்டாவாக்குவதைத்தான் இங்கே ஹேண்ட்லோடிங் என்கிறார்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், ஆகவே ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும், கட்டுரையில் இது விட்டுப்போயிருக்கிறது. எச்-1பி மாதிரியான தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதற்கே இங்குள்ள மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை இருக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும்தான் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. கட்டுரையைப் படித்துவிட்டு உற்சாகத்தில் கிளம்பும் ஐ.டி. பையன்களில் பாதிப் பேர் அந்த விசாவில்தான் இருப்பார்கள், அதனால் இதைச் சின்ன எழுத்தில் போடாமல் பெரிதாகவே போடுங்கள்.

சரி, ஈயக் குண்டுக்கு வருகிறேன்.

எஸ்டேட் சேல்களில் கிடைக்கும் இந்த ஈயக் குண்டு டப்பாக்கள் எங்கிருந்து வருகின்றன என்று புரிந்துகொண்டால்தான் அவற்றில் என்ன சிக்கல் என்பதும் புரியும். போன தலைமுறை அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களில் நிறைய பேர் குண்டைக் கடையில் வாங்கவில்லை, வீட்டுக் கொட்டகையில் அவர்களே வார்த்தார்கள். டயர் கடைக்குப் போனால் சக்கரத்தைச் சமன் செய்யும் பழைய ஈயத் துண்டுகளை வாளியோடு கொடுத்துவிடுவார்கள். அச்சகத்துக்காரர் தெரிந்தவராக இருந்தால் இன்னும் யோகம், லைனோடைப் உலோகம் கிடைக்கும். பத்திரிகைக்காரர்களான உங்களுக்கு அது பழக்கமான பொருள்தான். மெர்கன்தாலர் செய்த லைனோடைப் இயந்திரம் 1886-ல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில் முதலில் ஓடியது, வரிக்கு வரி உலோகத்தை உருக்கி எழுத்தாக வார்க்கும். நூற்றுக்கு 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம், அவ்வளவுதான் அதன் சேர்மானம். 1970-களில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக ஒளியச்சுக் கோப்புக்கு மாறின (நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் மாறியது), அப்போது அந்த உலோகத்தில் ஒரு பங்கு குண்டு வார்ப்பவர்களின் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் தலைப்புச் செய்தியாக இருந்த உலோகம் காபி டப்பாவில் குண்டாகக் கிடக்கிறது. இப்போது அந்தப் பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்கிறார்கள், பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை, டப்பாவோடு வெளியே மேசையில் வைத்து விற்றுவிடுகிறார்கள். டப்பா மேல் ஒட்டிய காகித டேப்பில் பெரியவர் கையெழுத்தில் 38 என்றோ 44 என்றோ இருக்கும். அவருக்கு அது போதும், மற்றதெல்லாம் அவர் மண்டையில் இருந்தது. வாங்குகிறவருக்கு அது போதவே போதாது.

ஏன் என்று கேட்டால், 38 என்ற எண்ணுக்கு இந்த நாட்டில் குறைந்தது ஐந்து அர்த்தம். .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு வார்த்த குண்டு 0.358 அங்குலம். .38 சூப்பர் என்றால் 0.356. பழைய குட்டையான .38 ஸ்மித் அண்ட் வெஸன் என்றால் 0.361. .38-55 என்ற பழைய ரைஃபிளுக்கு 0.377 பக்கம். .38-40 என்றொன்று இருக்கிறது, அது பெயரில்தான் 38, அளவில் 0.401, அதாவது அசல் நாற்பது! 44-ம் இப்படித்தான். .44 ஸ்பெஷல், .44 மேக்னம் இரண்டுக்கும் 0.430, 1873-ல் வின்செஸ்டர் ரைஃபிளோடு வந்த .44-40-க்கு 0.427, மருந்தையும் உருண்டையையும் முன்பக்கமாக இடிக்கும் அந்தக் காலத்து 44 ரிவால்வருக்கு 0.451 அல்லது 0.454. 45-ல் கைத்துப்பாக்கிக் குண்டு 0.452 என்றால் .45-70 ரைஃபிள் குண்டு 0.459, எடையிலும் பாதிக்குப் பாதி வித்தியாசம். பெயர் வைத்தவர்கள் சிலர் கூட்டின் அளவை வைத்தார்கள், சிலர் குழலின் உள் அளவை வைத்தார்கள், சிலர் விற்பனைக்குக் காதில் நன்றாக விழுந்ததை வைத்தார்கள். டப்பா மேல் இருக்கும் எண் எந்தப் பக்கம் தேட ஆரம்பிக்கலாம் என்று காட்டும், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ் நண்பர் இப்படி 44 என்று எழுதிய கனமான டப்பா ஒன்றை வாங்கி வந்தார். அவரிடம் இருப்பது .44 மேக்னம் ரிவால்வர். குண்டுகள் பார்க்க அழகாக இருந்தன, மழுங்கிய உருண்டை மூக்கு, நுனியில் சின்னதாக ஒரு தட்டை, இடுப்பில் வழுக்கலுக்கான பழுப்பு மெழுகு நிரம்பிய பள்ளங்கள். பார்த்ததுமே எனக்கு ஒன்று இடித்தது: கூட்டின் வாயை மடக்கிப் பிடிக்க ஒரு தனிப் பள்ளம் இருக்க வேண்டும், கிரிம்ப் பள்ளம் என்பார்கள், அது இதில் இல்லவே இல்லை. மேக்னம் ரிவால்வருக்கு அந்தப் பள்ளம் இல்லாத குண்டை யாரும் விரும்பி வார்க்க மாட்டார்கள். ஏனென்றால் ஒவ்வொரு சூட்டின் உதைப்பிலும் மீதித் தோட்டாக்களின் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவும், நழுவி உருளையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டால் உருளை சுற்றாமல் நின்றுவிடும். மெழுகைத் துடைத்துவிட்டு மைக்ரோமீட்டரில் பிடித்தேன், 0.427. தராசில் 205 கிரெயின் (குண்டை நிறுக்க இங்கே வழங்கும் சின்ன எடை அளவு) சுமார். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. .44-40-க்காக லைமன் நிறுவனம் விற்ற 427098 என்ற எண்ணுள்ள வார்ப்பு அச்சில் ஊற்றியது அது, லைமனுக்கு முந்திய ஐடியல் நிறுவனத்தின் காலத்தில் 42798 என்று இருந்த அதே பழைய வடிவம். கரிமருந்து (புகை கக்கும் பழைய கறுப்பு வெடிமருந்து) காலத்தில் கூட்டுக்குள் மருந்தை நிறைய இறுக்கி வைப்பார்கள், குண்டு அந்த மருந்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்க இடமே இல்லை, ஆகவே அந்தப் பள்ளம் தேவைப்படவில்லை. நண்பரின் ரிவால்வர் குழலுக்கு அது ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு சிறுசு. சுட்டிருந்தால் குண்டின் ஓரமாகச் சுடுவாயு கசிந்து ஈயத்தை உருக்கிக் குழல் முழுக்க அப்பியிருக்கும், குண்டு இலக்கில் போய்ப் பக்கவாட்டில் விழுந்திருக்கும். கடைசியில் அந்த டப்பா .44-40 ரைஃபிள் வைத்திருக்கும் கிளப் ஆசாமி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது, அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்படி அடையாளம் காண்பதில் மந்திரம் எதுவும் இல்லை, பொறுமை வேண்டும், ஒரு மைக்ரோமீட்டர் வேண்டும். காலிப்பர் போதாதா என்று கேட்பார்கள். மலிவான டிஜிட்டல் காலிப்பரே ஆயிரத்தில் ஒரு அங்குலம் முன்னேபின்னே காட்டும், நாம் பிரித்துப் பார்க்க வேண்டியதோ ஆயிரத்தில் ஒன்றிரண்டு. பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. குண்டின் இரண்டு பக்கமும் அச்சு இரண்டாகப் பிரியும் கோடு மெல்லியதாகத் தெரியும், அந்தக் கோட்டின் மேல் அளக்காமல் தள்ளி, பள்ளங்களுக்கு இடையில் இருக்கும் பட்டை மேல் பிடித்து, திருப்பி இன்னொரு தடவையும் அளக்க வேண்டும். வார்ப்புக் குண்டு முழு வட்டமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் கோடே இல்லை, அடியில் ஈயம் ஊற்றிய இடத்தை வெட்டிய வட்டத் தழும்பும் இல்லை என்றால் அது வார்த்த குண்டு இல்லை, அழுத்திச் செய்தது. பெரும்பாலும் மெது ஈயம், அதை அதிக வேகத்தில் பாயும் தோட்டாவில் வைக்கக் கூடாது. பட்டைகள் சீராகப் பளபளவென்று தேய்ந்த மாதிரி இருந்தால் வார்த்த பிறகு சைஸ் டையில் தள்ளி அளவு குறைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது அச்சு ஒரு அளவு, குண்டு ஒரு அளவு.

எடைக்கு நகைக்கடைத் தராசு மாதிரி நூற்றில் ஒரு கிராம் காட்டுவது இருந்தால் போதும். கிரெயின் கணக்கில் பழக்கமில்லாதவர்கள் பயப்பட வேண்டாம், ஒரு பவுன் எட்டு கிராம் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 9 எம்.எம். துப்பாக்கியின் 124 கிரெயின் குண்டு கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒரு பவுன் எடை. ஒரே ஒரு குண்டை நிறுத்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. டப்பாவின் அடியிலிருந்து மேல் வரை ஒரு கைப்பிடியாவது எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். பெரியவர்கள் மீந்ததையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டுவார்கள், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், தராசில் இரண்டு கூட்டமாகப் பிரியும். எடையை வைத்து மட்டும் அச்சைச் சொல்லவும் முடியாது. ஒரே அச்சில் சுத்த ஈயத்தை ஊற்றினால் ஒரு எடை வரும், லைனோடைப்பை ஊற்றினால் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு குறைந்து வரும். கம்பெனி அச்சு மேல் போட்டிருக்கும் எடை அவர்கள் எடுத்துக்கொண்ட ஒரு கலவைக்கு மட்டும்தான் பொருந்தும். எடை ரொம்பவே குறைந்து, 158 வர வேண்டிய அளவுக்கும் உயரத்துக்கும் 100-ஐ ஒட்டி நின்றால், யாரோ துத்தநாகச் சக்கர எடையைத் தெரியாமல் உருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். மியூரியாட்டிக் (ஹைட்ரோகுளோரிக்) அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். அதை ஒதுக்கிவிடுங்கள், ஈயம் உருக்கும் பானைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், மீதி ஈயமும் கெட்டுப்போகும்.

அப்புறம் கடினம். இதைத்தான் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை. பிரினெல் என்ற கடின அளவில் சுத்த ஈயம் 5, பழைய சக்கர எடை 11, 12, லைனோடைப் 22. கடினம் அளக்கும் கருவி இல்லாதவர்கள் ஓவியப் பென்சில் செட் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். 6பி-யிலிருந்து 6எச் வரை இருக்கும். முனையைத் தட்டையாகத் தேய்த்து, சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் ஈயத்தை எந்தப் பென்சில் முதலில் கீறுகிறதோ அதுதான் அதன் தரம். தெரிந்த சுத்த ஈயத்தையும் தெரிந்த சக்கர எடையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். நகத்தால் கீறினாலே தடம் விழுகிறதென்றால் சுத்த ஈயம், முன்பக்கமாக இடிக்கும் கரிமருந்துத் துப்பாக்கிக்காரர்களுடையது. மேசையில் கீழே விடும்போது கணீர் என்றால் லைனோடைப் மாதிரி அச்சக உலோகம், தொப்பென்றால் மெது ஈயம். இதை அனுபவக் காதுக்குத்தான் விடலாம், புதியவர்கள் பென்சிலையே நம்புங்கள்.

அடிப்பகுதியையும் மறக்காமல் திருப்பிப் பாருங்கள். அடி ஓரம் சரிவாகச் சீவியிருந்தால் கடைகளுக்காக இயந்திரத்தில் வார்த்தது, அதில் நீலமோ சிவப்போ கெட்டி மெழுகு இருக்கும். அடியில் ஒரு படி வைத்துச் சிறுத்திருந்தால் அங்கே செம்புத் தொப்பி போட வேண்டும், கேஸ் செக் என்பது. அது இல்லாமல் அதிக வேகத் தோட்டாவில் வைத்துச் சுட்டால் அந்தக் குண்டின் அடி பொறுக்காது. அடி குழிவாக இருந்தால் மெது ஈயத்து இலக்குக் குண்டு, மெதுவான தோட்டாவுக்கு மட்டும். மூக்குக் கூராக இருந்தால் லீவர் ரைஃபிளின் குழாய் மேகசினில் போடவே கூடாது. அதில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும், ஒன்றின் மூக்கு முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரில் முட்டிக்கொண்டு இருக்கும், வின்செஸ்டர் 94 வைத்திருக்கிறவர்கள் தட்டை மூக்குக் குண்டு தேடுவதற்குக் காரணம் இதுதான். பள்ளங்களில் ஒன்றுமே இல்லாமல் சாம்பல் நிறத்தில் வெறுமையாக இருந்தால் இன்னும் மெழுகு இடவில்லை, அளவும் குறைத்திருக்க மாட்டார்கள். பளிச்சென்ற சிவப்போ பச்சையோ பூச்சு இருந்தால் பவுடர் கோட்டிங், அதாவது சூட்டில் ஒட்டவைத்த வண்ணப் பொடி. அதன் கனமும் மைக்ரோமீட்டரில் சேர்ந்து தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

மெழுகு என்றதும் 1857 ஞாபகத்துக்கு வருகிறது. என்ஃபீல்டு ரைஃபிளின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்புதான் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது என்று பள்ளியில் படித்தோம். அந்தக் கொழுப்பு எதற்கு என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. வழுக்கலுக்கும், கரிமருந்தின் கசடு குழலில் இறுகாமல் இருப்பதற்கும்தான். இன்றைக்கும் இங்கே பெரும்பாலானவர்கள் தேன்மெழுகு கலந்த கலவையைத்தான் வைக்கிறார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அச்சு எண்ணைக் கண்டுபிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது, மறுக்கவில்லை, நானும் அதில் மாலைகளைச் செலவழிப்பவன்தான். ஐடியல் என்ற நிறுவனத்தை ஜான் பார்லோ 1884-ல் கனெக்டிகட்டில் ஆரம்பித்தார், 1925-ல் அது லைமன் கைக்கு வந்தது. அவர்கள் எண்ணில் முதல் மூன்று இலக்கம் விட்டம், மீதி வடிவத்தின் வரிசை எண். 358429 என்றால் விட்டம் 0.358, வடிவம் 429. இது எல்மர் கீத் என்ற அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் .38-க்கு வடிவமைத்தது. .44-க்கு அவர் வடிவமைத்தது 429421, .45-க்கு 452424. சதுரமாக வெட்டிய ஆழமான மெழுகுப் பள்ளம், மூன்று அகலமான பட்டை, மூக்கு தட்டை, ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. லீ கம்பெனி அச்சில் எல்லாம் வெளிப்படை: விட்டம், எடை, மூக்கின் வடிவம் மூன்றையும் பெயரிலேயே போட்டுவிடுவார்கள். ஒரே பெரிய பள்ளத்துக்குப் பதில் மெல்லிய வரிகளாக அடுக்கடுக்காக இருந்தால் அது அவர்களுடைய டம்பிள் லூப் வகை, வழுக்கல் திரவத்தில் உருட்டிப் பூசுவது. .45 கைத்துப்பாக்கிக்கு ஹென்ஸ்லி அண்ட் கிப்ஸ் அச்சு நிறுவனத்தின் 68ஆம் எண் 200 கிரெயின் குண்டு இலக்குச் சுடுபவர்களிடையே அவ்வளவு பிரபலம். ஆனால் இந்த எண்கள் அச்சின் மேல்தான் இருக்கும், குண்டின் மேல் இருக்காது. ஒரே வடிவத்தை நாலு கம்பெனி நகல் எடுத்திருக்கும். ஒரே கம்பெனியின் அச்சே வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறியிருக்கும். ஆகவே பெயரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நிறுத்திக்கொள்ள முடியாது. தோட்டா நிரப்பத் தேவைப்படுவது விட்டம், எடை, நீளம், கடினம், அடியின் வகை, இவ்வளவுதான். இது ஐந்தும் கையில் இருந்தால் அச்சின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தோட்டா நிரப்பும் கையேட்டில் ஒரு எடைக் குண்டுக்குக் கொடுத்த மருந்தளவை அதைவிடக் கனமான குண்டுக்குப் போட்டால் அழுத்தம் ஏறும். இது எல்லோருக்கும் புரியும். புரியாமல் போவது நீளம். எடை ஒன்றாகவே இருந்தாலும் குண்டு நீளமாக இருந்தால், தோட்டாவின் மொத்த நீளத்தைச் சரியாக வைக்கும்போது குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கும், மருந்து எரிய இருக்கும் இடம் சுருங்கும், 9 எம்.எம். மாதிரி சின்னக் கூட்டில் அந்தக் கொஞ்ச இடமே பெரிய வித்தியாசம். மறுபக்கம், பயந்துபோய் மருந்தைக் கையேட்டின் குறைந்த அளவுக்கும் கீழே இறக்கினால் குண்டு குழலிலேயே மாட்டிக்கொள்ளலாம், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது கிழியும். விட்டம் பெரிதானால் தோட்டா அறைக்குள் போகாது, திணித்தால் இன்னும் ஆபத்து. சிறிதானால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். பொதுவாகக் குழலின் உள்ளே சுருளாக வெட்டிய பள்ளத்தின் அளவைவிட ஆயிரத்தில் ஒன்றிரண்டு அங்குலம் பெரிய குண்டுதான் நன்றாகப் போகும். அதற்கு உங்கள் குழலின் அளவு முதலில் தெரிய வேண்டும். மெது ஈய உருண்டை ஒன்றைக் குழல் வழியாகத் தள்ளி எடுத்து அளந்து வைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் முந்திய வேலை, ரிவால்வர் என்றால் உருளையின் வாய்களையும் சேர்த்து.

அளந்தும் பிடிபடவில்லை என்றால்? உருக்கிவிடுங்கள். ஈயக் குண்டின் அருமையே அதுதான், வீணாகாது, உங்களுக்குத் தெரிந்த அச்சில் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் ஒவ்வொரு கைப்பிடியையும் தாம்பாளத்தில் பரப்பிக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இந்த டப்பாக்களில் சுடாத தோட்டா ஒன்று கலந்து கிடப்பது அபூர்வமில்லை, அது பானையில் விழுந்தால் வெடிக்கும். ஈரமும் அப்படித்தான், உருகிய ஈயத்தில் நனைந்த குண்டு ஒன்று விழுந்தால் போதும், நீர் ஒரே நொடியில் ஆவியாகி ஈயத்தைக் கூரை வரை தூக்கியடிக்கும். ஆகவே வெளியே திறந்த இடத்தில், முகக்கவசம், முழுக்கை, தோல் கையுறை போட்டு, முழுக்கக் காய்ந்த குண்டுகளைக் காலிப் பானையில் போட்டுத்தான் சூடேற்ற ஆரம்பிக்க வேண்டும்.

டப்பாவோடு சேர்த்து, யாரோ நிரப்பி வைத்த தோட்டாக்களையும் மூடி போட்ட ஜாடியில் மருந்தையும் இலவசமாகவே கொடுப்பார்கள். அந்தத் தோட்டாக்களைச் சுடாதீர்கள், எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் சரி. அந்த மருந்தை எந்தக் கூட்டிலும் போடாதீர்கள். குண்டையாவது மைக்ரோமீட்டரும் தராசும் வைத்து ஓரளவு படித்துவிடலாம். ஜாடியில் இருக்கும் மருந்தைப் பார்த்து இன்னது என்று சொல்ல வீட்டில் வழியே கிடையாது, ஒரே மாதிரி கறுத்த துகள்கள் எரியும் வேகத்தில் வானத்துக்கும் பூமிக்குமாக இருக்கும்.

இன்னொரு விஷயம், இதை வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டும். பழைய டப்பாவைத் திறந்தால் குண்டு மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும், அது ஈயம் காற்றும் ஈரமும் பட்டு மாறிய பொடி. தொட்டால் கையில் ஒட்டும், ஊதினால் மூக்கில் ஏறும். ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று குழந்தைகளுக்குக் கிடையாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவை 2021-ல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாக இறக்கியது, அதற்கு முன் 5 என்று இருந்தது. இதைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி அளப்பதும், சமையலறைத் தொட்டியில் கழுவுவதும், ரசம் தாளித்த பழைய வாணலியை உருக்க எடுத்துவிட்டு மறுபடி அடுப்பில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். கையுறை போடுங்கள், வெளியே வைத்துப் பாருங்கள், மெழுகை மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியாகக் கட்டிப் போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் அந்த டப்பாவே உள்ளே வரக் கூடாது என்பது என் கட்சி.

பழைய குண்டை வாங்கவே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் வாங்குகிறேன். அந்தப் பெரியவர்கள் வார்த்த குண்டுகளில் இன்று கடையில் கிடைக்காத சுத்தம் இருக்கிறது, பட்டை ஓரம் கத்தி மாதிரி நிற்கும், ஒரு சுருக்கம் இருக்காது, ஆயிரம் குண்டு நிறுத்தாலும் ஒரு கிரெயினுக்குள் அடங்கும். அப்படிப்பட்ட கைவேலை ஈயம் உருக்கும் பானைக்குப் போவதைப் பார்க்க எனக்கே மனசு கேட்காது. அதனால்தான் வாங்கும்போதே வீட்டுக்காரரிடம் அச்சுகள் இருக்கின்றனவா, அவர் எழுதி வைத்த நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள் என்கிறேன். நிறைய பேர் தேதி, அச்சு எண், கலவை, அளவு எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள், குடும்பத்தினர் அதைக் குப்பைக்கு எடுத்து வைத்திருப்பார்கள். நோட்டு கிடைத்தாலும் குண்டை அளந்து சரிபார்த்த பிறகுதான் அதை நம்ப வேண்டும். அதில் இருக்கும் மருந்தளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது, அது அவர் துப்பாக்கிக்கு அவர் போட்ட கணக்கு. இப்போது பதிப்பில் இருக்கும் கையேட்டில், அதே எடையோ அதற்கு அடுத்த கனமான எடையோ உள்ள வார்ப்புக் குண்டுக்குக் கொடுத்திருக்கும் ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள் இரண்டு. இணையப் பதிப்பில் அந்தச் செலவு பாதியாகும் வரிக்குக் கீழே, அளக்காத குண்டை நிரப்பக் கூடாது என்பதையும், தற்காலிக விசாக்காரர்களுக்குச் சட்டத் தடை இருப்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாத வாசகர்கள் இருந்தால், கிளப்புகளில் எங்களைப் போன்ற பழைய ஆட்கள் யாரையாவது பிடித்துக் கேட்கலாம், டப்பாவைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் உட்கார்ந்து அளந்து கொடுக்க நாங்கள் சளைத்ததில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
ஒஹாயோ